தகுதிச் சுற்று எங்கே தொடங்குகிறது?

ராஞ்சியில் 2024 ஜனவரி 19 அன்று ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் ஜப்பானின் கானா உராதா பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டார். இந்தியப் பெண்களுக்கு இன்னும் 54 நிமிடம் மிச்சமிருந்தது. அவர்களுக்கும் பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. ஆட்டம் 0–1 என்று முடிந்தது, பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்து, ஹாக்கியே பார்க்காத வீடுகளையும் காலையிலேயே தொலைக்காட்சி முன் உட்கார வைத்த அணி அது. இரண்டரை ஆண்டுக்குள் பன்னிரண்டு அணிகளில் ஒன்றாகக்கூட வர முடியாமல் வீடு திரும்பியது.

பெண்கள் ஹாக்கியில் இந்தியாவின் கதை பதக்க மேடைகளில் நடந்ததைவிடத் தகுதிச் சுற்றுகளில் நடந்ததுதான் அதிகம். பெரிய போட்டியை ஊரே பார்க்கிறது. அதற்குள் நுழைய நடக்கும் ஒரு வாரச் சண்டையை விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது எனக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. இந்தியா ஏன் திரும்பத் திரும்ப அந்த வாசலில் தடுமாறுகிறது? நம் பகுதிப் பெண் ஒருத்தி அந்த வாசல்வரை போக வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கான பதிலில் பாதி இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கியில் 12 அணிகள்தான். பாரிஸில் ஓர் இடம் போட்டியை நடத்திய பிரான்சுக்கு. ஐந்து இடங்கள் ஐந்து கண்டங்களின் வெற்றியாளர்களுக்கு: சீனா, நெதர்லாந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. மிச்சம் ஆறு இடங்கள். அதற்காக ராஞ்சியிலும் ஸ்பெயினின் வலென்சியாவிலும் எட்டெட்டு அணிகள் மோதின. ஒவ்வோர் ஊரிலும் முதல் மூன்று அணிகளுக்கு டிக்கெட். உலகக் கோப்பையில் 2018 முதல் 16 அணிகள் ஆடுவதால் அங்கே வாசல் சற்று அகலம்.

ஆசியாவுக்கு நேரடியாகக் கிடைப்பது ஒரே இடம், அதற்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வெல்ல வேண்டும். இந்தியப் பெண்கள் அந்தத் தங்கத்தை ஒரே ஒரு முறை, 1982இல் டெல்லியில், எலிசா நெல்சன் தலைமையில் வென்றார்கள். அந்தத் தங்கமும் அவர்களை 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக் கொண்டுபோகவில்லை. அப்போது விதி வேறு. பிறகு கொரியா, சீனா, ஜப்பான் என்று மாறி மாறி ஒரு சுவர் எழுந்தது. 2018 ஜகார்த்தா இறுதியில் ஜப்பானிடம் 1–2. 2023 ஹாங்சௌ அரையிறுதியில் சீனாவிடம் 0–4. ஜகார்த்தாவில் வென்ற ஜப்பான் டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்தும் நாடாக ஏற்கெனவே உள்ளே இருந்தது. அப்படியும் அந்த இடம் வெள்ளி வென்ற இந்தியாவுக்கு இறங்கி வரவில்லை, பொதுத் தகுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. ஆக, நேர்வழி அடைபட்ட அணிக்குப் பக்கவாசல்தான் எப்போதும்.

1980 மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பல நாடுகள் புறக்கணித்ததால் காலியான இடத்தில், தகுதிச் சுற்று எதுவும் ஆடாமல், இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. ஆறு அணிகளில் நான்காம் இடம். அதே மாஸ்கோவில் நம் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஆண்கள் தங்கம் வென்றதைத் தமிழ்நாடு இன்றும் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். அதே நாட்களில் பெண்கள் வாங்கிய நான்காம் இடம் யார் நினைவிலும் தங்கவில்லை. அதற்கப்புறம் 36 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் இல்லை. மாஸ்கோவில் ஆடியவர்களின் மகள்கள் ஆடி ஓய்வு பெறும் அளவுக்கான காலம் அது.

இந்தியப் பெண்களின் தகுதிச் சுற்றுகளில் திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கும் நாடு எது? ஆஸ்திரேலியாவோ நெதர்லாந்தோ அல்ல, அமெரிக்கா. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் எப்போதோ உள்ளே போய்விடுகின்றன. வாசலில் காத்திருப்பவர்கள் இந்தியாவும் அமெரிக்காவும்தான். 2002 உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டி முந்தைய ஆண்டு பிரான்சில் நடந்தபோது, செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்த சூழலில் அமெரிக்க அணி பயணம் செய்யவில்லை. களத்திலேயே இறங்காத அணிக்குச் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது: இந்தியாவுடன் ஒரு தொடர் ஆடி வென்றால் உலகக் கோப்பை. டெல்லியில் ஆட வேண்டிய தொடர் இங்கிலாந்தின் கேனக் நகருக்கு மாறியது. இந்தியா தோற்றது. ஓரிரு மாதம் கழித்து அதே இந்திய அணி மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியின் இறுதியில் இங்கிலாந்தை, இங்கிலாந்து மண்ணிலேயே, 3–2 என்று வென்று தங்கம் வாங்கியது. உலகக் கோப்பைக்கு லாயக்கில்லை என்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சூரஜ் லதா தேவியும் மம்தா கராப்பும் ப்ரீதம் சிவாச்சும். ‘சக் தே இந்தியா’ படத்துக்கு வித்து அந்த வெற்றிதான். படத்தில் பெண்கள் அணி ஆண்கள் அணியோடு மோதித் தன்னை நிரூபித்த பிறகே வெளிநாட்டுக்கு அனுப்பப்படும். சினிமாவுக்காகப் புனைந்த காட்சிதான் என்றாலும், பெண்கள் ஆடத் தகுதியானவர்களா என்று முதலில் உள்ளூரிலேயே கேட்கப்படுவதை அது சரியாகப் பிடித்துவிட்டது.

இன்னொரு சந்திப்பு 2019 நவம்பர் 1, 2 தேதிகளில் புவனேஸ்வரத்தில். ஒரே எதிரணியுடன் இரண்டு நாளில் இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் நாள் இந்தியா 5–1. இனி என்ன, டோக்கியோ உறுதி என்று கலிங்கா ஸ்டேடியம் நிரம்பியது. மறுநாள் முதல் பாதி முடிவதற்குள் அமெரிக்கா நான்கு கோல்கள் போட்டது. கூட்டினால் 5–5. அரங்கம் வாயடைத்துப் போனது. 48வது நிமிடத்தில் வட்டத்துக்குள் கிடைத்த பந்தை ராணி ராம்பால் ஓங்கி அடித்தார். 6–5. அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால் டோக்கியோவின் நான்காம் இடமும் இல்லை, ஆஸ்திரேலியாவை வீழ்த்திய குர்ஜித் கௌரின் கோலும் இல்லை. நாம் பெருமையோடு சொல்லும் அத்தனையும் அந்த 48வது நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சந்திப்பு ராஞ்சியில், முதல் நாளே. தரவரிசையில் பல படி கீழே இருந்த அமெரிக்கா 1–0 என்று வென்றது. அந்தத் தோல்வியால் குழுவில் இரண்டாம் இடம். அரையிறுதியில் பலம் மிகுந்த ஜெர்மனி. 2–2 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 3–4 என்று தோற்று, கடைசியில் ஜப்பானிடம் வந்து நின்றோம்.

அமெரிக்காவில் ஹாக்கியைத் தெருவில் யாரும் ஆடுவதில்லை. ஆண்கள் ஆடுவதே அபூர்வம். பிறகு எப்படி இந்த அணி? 1972இல் அந்த நாடு இயற்றிய ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. விளையாட்டும் அதற்குள் வந்தது. கல்லூரிகள் பெண்கள் அணிகளைத் திறந்தன, உதவித்தொகை கொடுத்தன. இன்று அங்கே கல்லூரி ஹாக்கியின் முதல் தரப் பிரிவில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. அந்த நாட்டில் பெரும்பாலோர் பெயர்கூட அறியாத விளையாட்டு அது. ஆனாலும் ஒரு பெண் பதினெட்டு வயதில் நல்ல தரையில், நல்ல பயிற்சியில், படிப்புச் செலவும் கழிந்து ஆட முடிகிறது. ராஞ்சியில் நம்மை வென்றதில் அந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு.

தகுதிச் சுற்றின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிலையாக இருந்ததே இல்லை. 2012இல் ஒரு போட்டிக்கு ஒரே டிக்கெட். டெல்லியில் நடந்த அதில் இந்தியப் பெண்கள் இறுதிவரை வந்து தென்னாப்பிரிக்காவிடம் 1–3 என்று தோற்றார்கள். மறுநாள் அதே மைதானத்தில் ஆண்கள் பிரான்சை 8–1 என்று நொறுக்கி லண்டன் போனார்கள். 2016க்கு உலக லீக் என்ற முறை வந்தது. 2015 ஜூலையில் ஆன்ட்வெர்ப்பில் ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1–0 என்று வென்று இந்தியா காத்திருந்தது. ஒலிம்பிக்குக்கு ஏற்கெனவே தகுதி பெற்றிருந்த நெதர்லாந்தும் இங்கிலாந்தும் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக்கு வந்து, ஓர் இடம் மிச்சமான பிறகே ரியோ உறுதியானது. 36 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது என்ற செய்தி, ஐரோப்பாவில் யாரோ ஆடிய ஆட்டத்தின் முடிவாக வந்து சேர்ந்தது. ரியோவில் 12ஆம் இடம். அதைக் குறையாக நான் எண்ண மாட்டேன். அந்தக் கடைசி இடம்தான் ராணிக்கும் கோல்கீப்பர் சவிதாவுக்கும் பெரிய மைதானத்தைப் பழக்கியது.

இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கா, ஒரு வாரப் போட்டியா என்று கேட்டால், இரண்டு ஆட்ட முறை கொடூரம் என்பேன். அயர்லாந்துப் பெண்கள் 2018 உலகக் கோப்பையில் வெள்ளி வென்றவர்கள், வழியில் காலிறுதியில் இந்தியாவையே ஷூட்-அவுட்டில் வீழ்த்தியவர்கள். அவர்களே 2019இல் டப்ளினில் கனடாவுடன் இரண்டு ஆட்டத்திலும் கோலின்றி முடித்து, ஷூட்-அவுட்டில் பின்தங்கி, மீண்டு வந்துதான் முதல் ஒலிம்பிக்கைத் தொட்டார்கள். பாரிஸுக்கான ஒரு வாரப் போட்டியில் அவர்களும் வலென்சியாவில் மூன்றாம் இடத்தைத் தவறவிட்டார்கள். எந்த வடிவமாயினும் பலவீனமான நாளில் தப்பிக்க இடம் இல்லை. ஆனால் ஒரு வாரப் போட்டியில் முதல் நாள் தவறைத் திருத்திக்கொள்ள மேலும் ஆட்டங்கள் உண்டு. ராஞ்சியில் இந்தியா நியூசிலாந்தை 3–1, இத்தாலியை 5–1 என்று வென்று எழுந்ததும் அப்படித்தான். ராஞ்சி முறை நமக்கு அநியாயம் செய்யவில்லை.

களத்துக்கு வெளியேயும் தகுதி தீர்மானமாவதுண்டு. ரியோவுக்குத் தென்னாப்பிரிக்கப் பெண்கள் தங்கள் கண்டத்தில் வென்று தகுதி பெற்றார்கள். அவர்களுடைய ஒலிம்பிக் குழுவே கண்டத் தகுதி போதாது என்று அனுப்ப மறுத்தது. இடம் ஸ்பெயினுக்குப் போனது. வென்ற பெண்களை வீட்டில் உட்கார வைத்த அந்த முடிவை என்னால் ஏற்க முடிவதில்லை.

சொந்த மண் உதவுமா? டெல்லியிலும் ராஞ்சியிலும் தோல்வி. புவனேஸ்வரத்தில் ஒரு கோலில் பிழைத்தோம். வென்றது ஆன்ட்வெர்ப்பிலும், 2017 ஆசியக் கோப்பையை ஷூட்-அவுட்டில் கைப்பற்றிய ஜப்பானின் ககாமிகஹாராவிலும். 2025 செப்டம்பரில் ஹாங்சௌ ஆசியக் கோப்பை இறுதியில் முதல் நிமிடமே இந்தியாவின் நவ்நீத் கௌர் கோல் போட்டும் சீனா 4–1 என்று வென்று, நெதர்லாந்தும் பெல்ஜியமும் நடத்தும் 2026 உலகக் கோப்பைக்கு நேராகப் போனது. அதே ஆண்டில்தான் உலகின் முன்னணி அணிகள் மோதும் ப்ரோ லீக்கில் கடைசி இடம் பெற்று இந்தியா கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுகளில் ஒன்று ஹைதராபாத்துக்கு ஒதுக்கப்பட்டது. பணம் செலவழித்துப் போட்டியை வாங்கி வருவது எளிது. ஆண்டு முழுவதும் பலமான அணிகளோடு ஆடுவதுதான் கடினம். ப்ரோ லீக்கை இழந்ததில் போனது அந்த வாய்ப்பு.

ரியோ அணியையும் டோக்கியோ அணியையும் எடுத்துப் பாருங்கள். ஹரியாணா, ஒடிசா, ஜார்க்கண்ட், பஞ்சாப், மணிப்பூர், மிசோரம், உத்தராகண்ட் என்று போகிறது பட்டியல். தமிழ்நாட்டுப் பெண் ஒருவர்கூட இல்லை. ஆண்கள் அணியில் அரியலூர் கார்த்தி செல்வம் ஆடியிருக்கிறார். கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் வந்தார். கோவில்பட்டிக்கு ஹாக்கி என்றால் திருவிழா. அந்தத் திருவிழாவிலும் பெண்களின் வரிசை மெலிந்தே இருக்கிறது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, 2025 இளையோர் உலகக் கோப்பை நடந்தன. அத்தனையும் ஆண்கள் போட்டி. சென்னையிலும் மதுரையிலும் இளைஞர்கள் ஆடிய அதே டிசம்பரில் இளம்பெண்கள் உலகக் கோப்பை சிலியின் சாந்தியாகோவில் நடந்தது. பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் 2025 ஜனவரியில் நான்கு அணிகளோடு தொடங்கியது. ஆண்களுக்கு ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ இருந்தது. பெண்களுக்குத் தமிழ்நாட்டு அணி இல்லை.

வீராங்கனைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். டோக்கியோவில் ஆடிய நேஹா கோயலும் நிஷா வார்சியும் ஹரியாணாவின் சோனிபத். நேஹாவின் தாயார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நிஷாவின் தந்தை தையல்காரர். மான்செஸ்டர் தங்கத்தில் பங்கு பெற்ற ப்ரீதம் சிவாச் அங்கே ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கி, அந்தப் பெண்களைக் கைபிடித்து அழைத்து வந்தார். ஜார்க்கண்டின் சிம்டேகாவில் கிராமத்துக் கிராமம் ஆட்டுக்கிடா பரிசுப் போட்டிகள். அங்கிருந்துதான் சலீமா டெட்டே வந்து இந்தியக் கேப்டன் ஆனார். பணக்கார ஊர்கள் அல்ல இவை. ஒரு மைதானமும், விடாமல் நின்ற ஒரு பயிற்சியாளரும், ‘பெண் பிள்ளை ஆடப் போகட்டும்’ என்ற ஊரும் இருந்தன.

சோனிபத் மாதிரியே தொழிலாளர் ஊர் தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரு பக்கமும், கொருக்குப்பேட்டை வரையும், துறைமுகத்தையும் எண்ணெய்க் கிடங்குகளையும் ரயில்வேயின் டீசல் ஷெட்டையும் நம்பிய குடும்பங்கள். விளையாட்டு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை, சந்துக்குச் சந்து கேரம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரம் பலகைக்கு ஓர் அறை போதும், குத்துச்சண்டைக்கு ஒரு கூரை போதும், கால்பந்துக்கு எந்தக் கட்டாந்தரையும் போதும். ஹாக்கிக்கு அப்படி முடியாது.

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கிலிருந்து உலக ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு, ஆட்டக்காரர்கள் சொல்கிற ‘டர்ஃப்’புக்கு, மாறிவிட்டது. மண்ணில் பழகும் பெண்ணைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு கல்லிலும் பந்து எகிறும் என்பதால் அவள் கண் பந்தை விட்டு அகலாது. ஸ்டிக்கைச் செங்குத்தாகப் பிடித்து நிறுத்தியே பழகுவாள். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்துத் தடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அடுத்த ஆளைத் தேட வேண்டும். பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் போட, பந்தை ஸ்டிக்கில் ஒட்டவைத்துத் தரையோடு இழுத்து வந்து சுழற்றி எறிய வேண்டும். சரளைக்கல் தரையில் அதைப் பழகவே முடியாது. ராஞ்சியில் நம்மைக் கைவிட்டதும் அதே பெனால்டி கார்னர்தான். பதினான்கு வயதுக்குள் டர்ஃபைத் தொடாதவள், குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும்போது எங்கோ ஒரு படியில் நின்றுவிடுகிறாள். அவளுடைய தகுதிச் சுற்று அங்கேயே முடிந்துவிடுகிறது.

எழும்பூரில் இப்போது இருப்பது கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருள் சேர்த்துச் செய்த, பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட அதே வகைத் தரை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி கடந்து சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். தூரம் பெரிதல்ல. காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவில் பள்ளி, இரு வேளைப் பயணச் செலவு, இருட்டிய பிறகு தனியாகத் திரும்பும் மகளுக்காகக் காத்திருக்கும் அம்மா, இவையெல்லாம் சேரும்போது அது தூரமாகிவிடுகிறது. ஸ்டிக், முன்னங்கால் காப்பு, ஷூ எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு. கோல்கீப்பர் உடுப்பைப் பள்ளியே வாங்கினால்தான் உண்டு.

தீர்வுக்கு முழு மைதானம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் ஆடும் ‘ஹாக்கி ஃபைவ்ஸ்’ வந்துவிட்டது. சுமார் 55 மீட்டருக்கு 42 மீட்டர் இடம் போதும், முழு மைதானத்தில் பாதிக்கும் குறைவு. இதற்கும் உலகக் கோப்பையும் தகுதிச் சுற்றும் நடந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் ஓமானின் சலாலாவில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியின் இறுதியில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 7–2 என்று வென்றார்கள். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு அடுத்த இடம். அங்கே கேப்டன், நமக்கு அடுத்த பழைய சித்தூர் மாவட்டத்துக் கோல்கீப்பர் ரஜனி எத்திமார்ப்பு. ராஞ்சி தோல்விக்கு ஒரு வாரம் கழித்து நடந்ததால் அந்த வெள்ளி கவனிக்கப்படாமலே போனது.

வடசென்னையின் மாநகராட்சி மைதானங்களில் ஒன்றில் அந்த அளவில் ஒரு டர்ஃப் போட இடம் உண்டு. திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வளர்ந்த எம்.ஆர்.எஃப் 1987 முதல் சென்னையில் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கி வருகிறது. எண்ணூர் வரையுள்ள ஆலைகளும் துறைமுகங்களும் பெண்கள் ஹாக்கிக்கு அப்படி ஒன்றைச் செய்ய முடியும். சம்பளத்தோடு ஒரு பெண் பயிற்சியாளர், மாலையில் விளக்கு, உடை மாற்ற அறை, கழிப்பறை, பள்ளியிலேயே தங்கும் இருபது ஸ்டிக். தேசியப் போட்டிகளில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்து வந்த அணி இந்திய ரயில்வே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. டீசல் ஷெட் தொழிலாளியின் மகள் ரயில்வே அணிக்கு ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டால், முதலில் அவளுக்குப் பதினோரு வயதில் ஒரு பச்சைத் தரை வேண்டும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்.